அந்த மூன்று வரியைக் கேட்டது யார்?

"ரிக்வயர்மென்ட் ட்ரேசபிலிட்டி மேட்ரிக்ஸ் என்றால் என்ன?" நமக்கு இது இரண்டு மார்க் கேள்வி. இடது பக்கம் தேவைகளின் எண்கள், மேலே டிசைன், கோடு, டெஸ்ட் கேஸ், நடுவில் டிக் குறிகள். ஒரு கட்டம் வரைந்துவிட்டால் இரண்டு மார்க் உறுதி. நானும் வரைந்தேன், வாங்கினேன், மறந்தேன். போன மழைக்காலத்தில் செல்லூரில் ஒரு பாட்டி என் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்ட ஒரு கேள்வியில்தான் அந்தக் கட்டம் மறுபடி நினைவுக்கு வந்தது.

(செல்லூர் என்றதும் 2017-ல் வைகை அணையில் மிதந்த தெர்மாகோல் ஞாபகம் வந்து சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன். தறி, கபடி, கண்மாய் என்று எங்கள் ஏரியாவுக்கு வேறு பெருமைகளும் உண்டு. :-) )

கம்ப்யூட்டர் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு மென்பொருள் எழுதும் முன் "இது இதைச் செய்ய வேண்டும்" என்று வாடிக்கையாளர் கேட்பதற்குப் பெயர் ரிக்வயர்மென்ட், அதாவது தேவை. அந்தத் தேவை எந்த வரைபடத்தில், எந்த நிரலில், எந்தச் சோதனையில் போய் முடிந்தது என்று முன்னோக்கியும், இந்த நிரல் எந்தத் தேவையிலிருந்து வந்தது என்று பின்னோக்கியும் தொடர்ந்து போக முடிவதுதான் ட்ரேசபிலிட்டி. தடம் பிடித்துப் போவது. அவ்வளவுதான். கேட்க எளிமையாக இருக்கிறது.

இனி பாட்டி கதை. எங்கள் பெரியப்பா நெசவாளர்களுக்கு நூல் கொடுத்து, நெய்த துணியை வாங்கிக் கூலி கொடுக்கிற சின்ன வியாபாரம் செய்கிறார். பாவும் ஊடை நூலும் எடை போட்டுக் கொடுப்பார்கள். திரும்பி வரும் துணியையும் எடை போடுவார்கள். நடுவில் கழிவு என்று ஒரு அளவு அனுமதி உண்டு. அதைத் தாண்டிக் குறைந்தால் கூலியில் பிடித்தம். இந்தக் கணக்கைப் போட ஒரு பழைய விஷுவல் பேசிக் புரோகிராம் இருந்தது. எழுதிக் கொடுத்த அண்ணன் எப்போதோ சவூதி போய்விட்டார். அந்தக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஆரம்பித்ததும், "நீதான் படிக்கிறியே" என்று என் தலையில் கட்டினார் பெரியப்பா. நானும் பெருமையாக பைத்தானில் மாற்றி எழுத உட்கார்ந்தேன்.

பழைய நிரலில் ஒரு மூன்று வரி. மாதம் 10, 11, 12 என்றால் கழிவு அனுமதியில் 1.5 சதவீதம் கூட்டு. ஏன் என்று ஒரு குறிப்பும் இல்லை. அக்டோபர், நவம்பர், டிசம்பர்... தீபாவளி போனஸ் மாதிரி ஏதோ பழைய சலுகை போல என்று நினைத்தேன். சந்தேகத்துக்கு ஒரு ஏஐ கருவியிடம் நிரலை ஒட்டிக் கேட்டேன். பண்டிகைக் காலச் சலுகையாக இருக்கலாம் என்று அதுவும் அழகாக விளக்கம் சொன்னது. இரண்டு அறிவாளிகளும் ஒத்துப்போய்விட்டோம். தீபாவளிப் பணத்தைப் பெரியப்பா தனியாகக் கையில் கொடுப்பது எனக்குத் தெரியும். அப்புறம் எதற்கு இது? தூக்கிவிட்டேன்.

முதல் மழை மாதக் கணக்கு முடிந்தபோது மூன்று பேருக்கு எடைக்குறைவுப் பிடித்தம் விழுந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து 1,140 ரூபாய். நமக்கு ஒரு மாத மொபைல் ரீசார்ஜும் இரண்டு பிரியாணியும். தறியில் உட்காருபவருக்கு அது அப்படி இல்லை. அதில் ஒருவர்தான் அந்தப் பாட்டி. "ஏப்பா, நீதான் கம்ப்யூட்டர்ல எழுதுனியா? நாப்பது வருசமா நெய்யிறேன். இப்ப நான் நூலத் தின்னுட்டேனா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியப்பாதான் சொன்னார். "டேய், அது மழைக்குடா."

பருத்தி ஈரத்தை இழுக்கும். நூல் வியாபாரத்தில் இது அரிச்சுவடி. காற்றில் 65 சதவீத ஈரப்பதம் இருக்கும்போது, உலர்ந்த பருத்தியின் எடையில் 8.5 சதவீதம் தண்ணீர் என்பது ஜவுளித் துறையில் கணக்கு வைக்கும் அளவு. மழைக்காலத்தில் இன்னும் ஏறும். ஈரமான கிடங்கிலிருந்து எடை போட்டுக் கொடுத்த நூலை வீட்டில் காயவைத்து நெய்து, வெயில் அடித்த ஒரு நாளில் துணியாகத் திருப்பிக் கொண்டுவந்தால், பத்து கிலோவுக்கு நூறு, நூற்றைம்பது கிராம் குறைவது சர்வ சாதாரணம். யாரும் திருடவில்லை. தண்ணீர் போயிருக்கிறது. ரொம்ப வருஷம் முன்பு இதைச் சொல்லித் தறிக்காரர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். தாத்தா ஒத்துக்கொண்டு நோட்டில் எழுதியிருக்கிறார். நோட்டிலிருந்து அந்த அண்ணனின் நிரலுக்கு வந்தது. நோட்டு கரையானுக்குப் போனது. காரணமும் கூடவே போனது. வரி மட்டும் மிஞ்சியது.

"நாங்கதானப்பா கேட்டு வாங்குனோம்" என்றார் பாட்டி. அதாவது அந்த ரிக்வயர்மென்டின் மூலம் என் எதிரில் நின்றுகொண்டிருந்தது!

நான் சொல்ல வருவது இதுதான். நமக்குச் சொல்லிக் கொடுக்கிற ட்ரேசபிலிட்டி பாதிதான், அதுவும் சுலபமான பாதி. தேவை எண் 7 எந்த ஃபங்ஷனில் இருக்கிறது என்று காட்டும். தேவை எண் 7-ஐ யார் கேட்டார்கள், எதற்காகக் கேட்டார்கள் என்று காட்டாது. என்னிடம் ஒரு முழு மேட்ரிக்ஸ் இருந்திருந்தால்கூட "தே-7: மாதம் 10-12, கழிவு +1.5%" என்றுதான் இருந்திருக்கும். பக்கத்தில் ஒரு டிக். நான் அப்போதும் தூக்கியிருப்பேன்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை என்பது பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. 1994-ல் ஆர்லீனா கோட்டல், ஆன்டனி ஃபிங்கெல்ஸ்டைன் என்ற இருவர் லண்டன் இம்பீரியல் காலேஜில் இருந்தபடி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்முறை ஆட்களை விசாரித்து எழுதியது. இந்தத் துறையில் யார் எதை எழுதினாலும் அதை மேற்கோள் காட்டாமல் நகர்வதில்லை. அவர்கள் தடத்தை இரண்டாகப் பிரித்தார்கள். தேவைகள் ஆவணமாக எழுதப்பட்டதற்குப் பின் நடப்பது ஒன்று, ஆவணத்தில் ஏறுவதற்கு முன் நடந்தது இன்னொன்று. கருவிகள் எல்லாம் பின்பாதிக்குத்தான் இருக்கின்றன, ஆனால் பிரச்சினைகளில் பெரும்பகுதி முன்பாதி இல்லாததால் வருகிறது என்பது அவர்கள் கண்டது. முப்பது வருடம் ஆகிவிட்டது. நம் சிலபஸ் இன்னும் பின்பாதியிலேயே நிற்கிறது.

இன்னொரு பேர் பாலசுப்ரமணியம் ரமேஷ். பேரைப் பார்த்ததும் நம்மூர் ஆள் மாதிரி இருக்கிறதே என்று ஆர்வமாகப் படித்தேன். அமெரிக்காவில் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர். மத்தியாஸ் யார்க்கே என்பவரோடு சேர்ந்து 26 நிறுவனங்களை ஆராய்ந்து 2001-ல் எழுதியிருக்கிறார். அவர்கள் பார்த்ததில் இரண்டு ரகம். ஒரு ரகம், ஒப்பந்தத்தில் கேட்டிருக்கிறார்கள், செய்து தொலைப்போம் என்று தேவைக்கும் நிரலுக்கும் கோடு மட்டும் போடுகிறவர்கள். இன்னொரு ரகம், எந்த முடிவை எந்தக் காரணத்தால் எடுத்தோம், வேறு எதையெல்லாம் தள்ளினோம் என்பதையும் சேர்த்து எழுதி வைக்கிறவர்கள்.

நாம் எந்த ரகம் என்று சொல்லத் தேவையில்லை. ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் மேட்ரிக்ஸ் போட்டோமே, எப்போது போட்டோம்? வைவாவுக்கு முந்தின ராத்திரி. முதலில் நிரலைப் பார்த்தோம், அதற்கேற்ற மாதிரி தேவைகளை எழுதினோம், பிறகு டிக் போட்டோம். நூற்றுக்கு நூறு பொருத்தம்! பொருந்தாமல் எப்படி இருக்கும்? வேலைக்குப் போன சீனியர்களிடம் கேட்டால் அங்கேயும் ஆடிட் வாரத்தில்தான் அந்த எக்செல் ஷீட் திறக்கும் என்று சிரிக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை, உலகத்திலேயே இந்தக் காகித வேலையை அதிகம் செய்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. 90-களில் சிஎம்எம் என்று ஒரு தரச்சான்று அலை அடித்தது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் வாட்ஸ் ஹம்ஃப்ரி என்பவரின் சிந்தனையிலிருந்து வந்தது. 1994-லேயே பெங்களூரில் இருந்த மோட்டோரோலா பிரிவு அதன் உச்சமான ஐந்தாம் நிலையைத் தொட்டது. அப்புறம் நம் கம்பெனிகள் வரிசையாக வாங்கித் தள்ளின. 2000-ல் சென்னையில் ஹம்ஃப்ரியின் பேரிலேயே ஒரு மென்பொருள் தர நிறுவனம் தொடங்கப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சிஎம்எம் வழியில் வந்த சிஎம்எம்ஐ, தேவைகளை இருபுறமும் தடம் பிடிக்க முடிய வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. அதனால்தான் நம்மூர் சாப்ட்வேர் பாடத்தில் மேட்ரிக்ஸ் இவ்வளவு கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது என்பது என் ஊகம். நான் அதைக் குறை சொல்லவில்லை. கடல் கடந்து இருக்கிற வாடிக்கையாளர் முகம் தெரியாத ஆளிடம் வேலை கொடுக்க அந்தச் சான்று உதவியது. ஆனால் சான்றுக்காக எழுதும்போது ஆடிட்டர் கேட்பதைத்தான் எழுதுவோம். "இது ஏன்?" என்று ஆடிட்டர் கேட்பதில்லை. "இது எங்கே?" என்றுதான் கேட்பார்.

"ஏன்" தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் 1,140 ரூபாயைவிடக் கொஞ்சம் பெரிய உதாரணம் இருக்கிறது. 1996 ஜூன் 4-ம் தேதி ஐரோப்பாவின் ஏரியேன் 5 ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பி நாற்பது வினாடிக்குள் வெடித்துச் சிதறியது. ஒரு பெரிய எண்ணை 16 பிட் இடத்துக்குள் திணித்ததால் வந்த வினை என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். விசாரணைக் குழு அறிக்கையைப் படித்தால் கதை இன்னும் சுவாரசியம். பிழை வந்த அந்தப் பகுதி, தரையில் இருக்கும்போது திசைக்கருவியைச் சரிசெய்வதற்கானது. கிளம்பிய பிறகும் அது நாற்பது வினாடி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது பழைய ஏரியேன் காலத்துத் தேவை. கடைசி நேரத்தில் கவுண்ட்டவுனை நிறுத்தினால் மறுபடி ஆரம்பத்திலிருந்து சரிசெய்யாமல் சட்டென்று தொடர வசதியாக இருக்கும் என்று வைத்தது. 1989-ல் ஒரே ஒருமுறை பயன்பட்டிருக்கிறது. ஏரியேன் 5-க்கு அந்தத் தேவையே கிடையாது. ஆனால் நிரல் அப்படியே வந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. வழிந்துபோகக்கூடிய ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டும் பாதுகாப்புப் போட்டு, மூன்றை விட்டிருந்தார்கள். மறதி இல்லை, யோசித்து எடுத்த முடிவு. கம்ப்யூட்டரின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற கணக்கு. அந்த மூன்றும் அவ்வளவு பெரிதாகப் போகாது என்ற நம்பிக்கை. ஏரியேன் 4-ன் பாதையில் அது உண்மையாகத்தான் இருந்தது. அந்த நியாயத்தை நிரலில் எங்கும் எழுதவில்லை, ஆவணக் குவியலில் அது மறைந்துபோயிருந்தது என்கிறது அறிக்கை. என் கதை நேர் எதிர். தேவை இருந்தது, காரணம் தெரியாமல் நான் வெட்டினேன். அவர்களோ தேவை போன பிறகும் காரணம் பார்க்காமல் வைத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் வியாதி ஒன்றே.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகிறேன். "எல்லாம் அந்தக் காலத்திலேயே நம்மிடம் இருந்தது" என்கிற கட்சி அல்ல நான், பயப்படாதீர்கள். ஆனால் ஆனைமங்கலம் செப்பேட்டைப் பற்றிப் படித்தபோது அசந்துதான் போனேன். நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றும் சொல்வார்கள். முதலாம் ராஜராஜன் தன் 21-ம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006-ல், நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எடுப்பித்த சூளாமணி வர்ம விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த ஆவணம். அரசன் வாயால் சொன்னதுதான் தேவை. சோழர் அரசாங்கத்தில் அதைக் காதால் கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு அதிகாரி, அவர் பெயரே திருவாய்க்கேள்வி. அதை ஓலையில் எழுதுபவர் திருமந்திர ஓலை. சரிபார்த்து ஒப்புக்கொள்பவர்கள் திருமந்திர ஓலை நாயகம். பிறகு புரவுவரித் திணைக்களத்தில் வரிப்பொத்தகம் வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். அதன்பின் ஊரில் பெண் யானையை எல்லை சுற்ற விட்டு, கல்லும் கள்ளியும் நட்டார்கள். கட்டளை ராஜராஜனுடையது, செப்பேட்டில் வெட்டி நிலைக்கச் செய்தது மகன் ராஜேந்திரன். யார் சொன்னது, எதற்காக, யார் கேட்டது, யார் எழுதியது, எந்தக் கணக்கில் ஏறியது, நிலத்தில் எதுவரை என்று ஒரு கோடு முழுதாகப் போகிறது.

அவர்கள் நம்மைவிட ஒழுக்கமானவர்கள் என்பதால் இப்படிச் செய்தார்கள் என்று நான் நம்பவில்லை. வரி விலக்குப் பெற்ற நிலம். நாளைக்கு யாராவது "இதற்கு வரி ஏன் கட்டவில்லை?" என்று வந்து நின்றால் காட்ட வேண்டும். பணம் இருக்கிற இடத்தில் தடம் தானாக வந்துவிடுகிறது. விமானத்தில் இருக்கும் மென்பொருளுக்கு டிஓ-178 என்ற விதி தடத்தைக் கட்டாயமாக்குவதும் அதே மாதிரிதான், அங்கே உயிர் இருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது திருவாய்க்கேள்வி என்ற வேலைதான். கேட்டவர் யார் என்பதே ஒரு பதவி. நம் மேட்ரிக்ஸில் அந்த ஒரு பத்தி மட்டும் கிடையாது.

இனிமேல் இதையெல்லாம் மிஷினே பார்த்துக்கொள்ளுமே என்று கேட்பீர்கள். ஆராய்ச்சியும் அந்தப் பக்கம் நிறையப் போயிருக்கிறது. ஆவணத்தில் உள்ள சொற்களையும் நிரலில் உள்ள பெயர்களையும் ஒப்பிட்டுத் தடத்தைத் தானாக மீட்டெடுப்பது பற்றி ஜூலியானோ அன்டோனியோலும் மற்றவர்களும் 2002-ல் எழுதினார்கள். அதிலிருந்து இன்றைய மொழி மாதிரிகள் வரை வந்தாயிற்று. உபயோகம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. தடம் இருந்தால் வேலை நன்றாக நடக்கும் என்பதற்கும் சோதனை இருக்கிறது. பாட்ரிக் மேடர், அலெக்சாண்டர் எகிட் இருவரும் 71 பேரை வைத்துப் பார்த்தார்கள். தடம் கையில் இருந்தவர்கள் சராசரியாக 24 சதவீதம் வேகமாக முடித்தார்கள், சரியான தீர்வுகளும் 50 சதவீதம் அதிகம் கொடுத்தார்கள். ஆனால் எழுதியிருப்பதோடு எழுதியிருப்பதைத்தான் மிஷின் இணைக்கும். எழுதாத காரணத்தை எங்கிருந்து எடுக்கும்? எனக்குத் தீபாவளி போனஸ் என்று சொன்ன மாதிரி நம்பும்படியாக ஒன்றைச் சொல்லும். முன்பு தடம் இல்லை என்றாவது தெரிந்தது. இனி பொய்த் தடத்தை நம்பிக் கத்தரியைக் கையில் எடுப்போம். எனக்கு அதுதான் பயம்.

கிட் இருக்கிறதே, யார் எழுதியது என்று காட்டுமே என்று நம் வகுப்பு நண்பன் ஒருவன் வாதாடினான். கிட் காட்டுவது தட்டச்சு செய்தவனை. கேட்டவரை அல்ல. ஆனால் அவன் சொன்னதில் ஒரு வழி இருந்தது. லினக்ஸ் கெர்னலில் மாற்றம் அனுப்பும்போது, "ரிப்போர்ட்டட்-பை" என்று போட்டு, பிழையைச் சொன்ன ஆளின் பெயரை எழுதுகிறார்கள். விவாதம் நடந்த மடலுக்கு ஒரு சுட்டியும் வைக்கிறார்கள். ஒரே ஒரு வரி. தனி எக்செல் இல்லை, தனிக் கருவி இல்லை, ஆடிட் வாரம் இல்லை. மாற்றத்தோடு ஒட்டிக்கொண்டே போகும். எல்லாத் தேவைக்கும் பத்துப் பக்கம் எழுது என்றால் யாரும் எழுத மாட்டார்கள், நானும் எழுத மாட்டேன். பார்த்தால் "இது எதற்கு?" என்று தோன்றுகிற வரிக்கு மட்டும், கேட்ட அன்றே, யார் கேட்டது, ஏன் என்று ஒரு வரி எழுதலாமே. நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்றால் கரையான் முந்திக்கொள்ளும்.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "மழைன்னா நூல் கனக்கும்னு எல்லாருக்கும் தெரியுமேடா, இதப் போயி எழுதி வைப்பாகளா?" என்றார். எல்லாருக்கும் தெரிந்ததுதான் முதலில் தொலைகிறது என்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. எனக்கே தெரியவில்லையே, நானும் அதே செல்லூரில்தான் பிறந்தேன்.

மூன்று பேருக்கும் பிடித்த பணத்தை அடுத்த சனிக்கிழமைக் கணக்கில் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அந்த மூன்று வரியைத் திரும்பப் போட்டேன். மேலே தமிழிலேயே குறிப்பு எழுதினேன்: மழை மாதங்களில் ஈரநூல் எடை, தறிக்காரர்கள் கேட்டு தாத்தா ஒத்துக்கொண்டது, பெரியப்பா சொல்லக் கேட்டு எழுதியது, தேதி, என் பெயர்.

பழைய நிரலில் இன்னொரு வரியும் இருக்கிறது. 17-ம் எண் தறிக் கணக்குக்கு மட்டும் எடை எவ்வளவு குறைந்தாலும் பிடித்தம் கிடையாது. பெரியப்பாவுக்கு அது ஏன் என்று தெரியவில்லை. பாட்டிக்கும் தெரியவில்லை. சவூதி அண்ணனின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் பிடிக்க முடியவில்லை. அதுவரை அந்த வரியைத் தொடுவதாக இல்லை.